விடுதிப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றிய நினைவுகளைத் தொகுப்பது எப்படி? கூடவே வாசிப்புப் பகிர்வும்

பழைய விடுதிக்காரி எழுதியது:

வணக்கம். ஒரே உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சேர்ந்து படித்த நாற்பது பேர் ஒரு வாட்ஸாப் குழுவில் இருக்கிறோம். அங்கே ஓயாமல் ஓடுவது இரண்டே பேச்சு: பழைய ஆசிரியர்கள், இப்போது கையில் இருக்கும் புத்தகம். இரண்டுமே தங்குவதில்லை. யாராவது ஓர் ஆசிரியரின் பெயரை எடுத்தால் ஒரே மாலையில் செய்திகள் குவிகின்றன. ஒரு வாரம் கழித்துத் தேடினால் எதுவும் அகப்படுவதில்லை. புத்தகப் பேச்சு அட்டைப்படத்தோடு நின்றுவிடுகிறது.

நினைவுகளை ஒரு சிறு நூலாக அச்சிட்டு, ஆசிரியர்கள் இருக்கும்போதே அவர்கள் கையில் கொடுக்க ஆசை. சிலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள். நினைவுகளை எப்படிக் கேட்டு வாங்குவது, ஆசிரியர்களிடம் பேசி எப்படிப் பதிவு செய்வது, படம், அச்சு விஷயத்தில் எதைக் கவனிப்பது? வாசிப்புப் பகிர்வு பாதியில் நின்றுபோகாமல் நடக்க என்ன வழி? இந்த வேலைகளில் பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

ஏட்டுக்கட்டு எழுதியது:

நினைவுகளைக் குழுவில் வைத்துக் கேட்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எல்லோரும் கூடிப் பேசினால் நிறைய ஞாபகம் வரும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. ஒரு குழு கூடி நினைவுகூர்வது, அதே ஆட்கள் தனித்தனியே எழுதியதை ஒன்றுசேர்த்தால் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கிறது. 1990களிலிருந்து நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு இது. ஒருவர் சொல்லும் வரிசை அடுத்தவரின் ஞாபக ஓட்டத்தை அறுத்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். இன்னொரு சேதமும் உண்டு. முதலில் எழுதுபவர் "சார் கையில் எப்போதும் கறுப்புக் குடை" என்று போட்டுவிட்டால் பத்துப் பேர் ஞாபகத்தில் அந்தக் குடை ஏறிவிடும். அதற்கப்புறம் யார் கண்ணால் கண்டது, யார் செய்தியில் படித்தது என்று பிரிக்கவே முடியாது.

அதனால் தொகுப்பாளர் என்று ஒருவரை நியமியுங்கள். இரண்டு வாரம் கெடு. எழுதுவதானால் 300 சொல், பேசுவதானால் ஐந்து நிமிடக் குரல்பதிவு, தொகுப்பாளருக்கு மட்டும். எல்லாம் வந்து சேர்ந்தபின் மொத்தத்தையும் குழுவில் போடுங்கள். அதைப் படித்ததும் மறுபடி ஞாபகங்கள் கிளம்பும், அவையும் அருமையானவைதான். ஆனால் அவற்றை "இரண்டாம் சுற்று" என்று குறித்து வேறு கோப்பில் வையுங்கள்.

அடுத்தது கேள்வி. "அவரைப் பற்றி எழுதுங்கள்" என்றால் "கண்டிப்பானவர், ஆனால் பாசமானவர்" என்று நாற்பது தடவை வரும். அது எந்த ஆசிரியருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் பொருந்தாது. கண்ணுக்கும் காதுக்கும் உரியதைக் கேளுங்கள். கரும்பலகையில் எந்த மூலையில் எழுதத் தொடங்குவார்? தவறான விடையைப் பார்த்தால் குறுக்கே கோடு போடுவாரா, வட்டமிடுவாரா, ஓரத்தில் ஏதாவது எழுதுவாரா? வகுப்பு அமைதியாக வேண்டும் என்றால் குரலை உயர்த்துவாரா, தாழ்த்துவாரா? இப்படிக் கேட்டால் ஆள் எழுந்து வருவார்.

விடுதிப் பள்ளி என்பதால் உங்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. பகல்பள்ளியில் படித்தவர்களுக்கு ஆசிரியர் என்றால் அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான். உங்களுக்கு அவரே இரவுப் படிப்பு மேற்பார்வையாளர், காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நின்றவர். ஆகவே எழுத உட்காரும் முன் ஒவ்வொருவரையும் ஒரு வெள்ளைத்தாளில் விடுதியின் வரைபடம் போடச் சொல்லுங்கள். படுக்கை வரிசை, மாடிப்படி, படிப்பறை, தண்ணீர்க் குழாய், காப்பாளர் அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை. அழகாக வரைய வேண்டியதில்லை. கூடவே எழுப்பும் மணி முதல் விளக்கணைக்கும் மணி வரை ஒரு நாளின் கால அட்டவணை. இடமும் நேரமும் கையில் கிடைத்துவிட்டால் அங்கே நின்ற ஆளும் வந்துவிடுவார். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து முதல் முப்பது வயது வரையிலான காலமே அதிகமாக நினைவில் நிற்கும் என்பதும் உறுதியான கண்டுபிடிப்பு. உங்கள் விடுதி ஆண்டுகள் அதன் தொடக்கத்தில் விழுகின்றன. சரக்கு நிறைய இருக்கிறது, கேட்கிற முறையில்தான் விஷயம்.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் எழுதியவரே ஒரு சொல் போடட்டும்: "பார்த்தது", "பிறர் சொல்லக் கேட்டது", "பள்ளியில் எல்லோரும் சொல்வது". மூன்றும் நூலில் வரலாம், கலந்து வரக்கூடாது. இரண்டு பேர் நினைவு முரண்பட்டால் வாக்கெடுப்பு வேண்டாம். இரண்டையும் பெயரோடு அச்சிடுங்கள். ஆண்டுக் கணக்கு மட்டும் ஞாபகத்தை நம்பிப் போடக்கூடாது. பள்ளி ஆண்டு மலர், குழுப் புகைப்படத்தின் அடிக்குறிப்பு, ஆசிரியர் கையெழுத்திட்ட மதிப்பெண் அட்டை ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை தொடங்கும் முன்பே ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள்: முழுப்பெயர் தலைப்பெழுத்தோடு, பாடம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, விடுதியில் என்ன பொறுப்பு. மாணவர்களுக்குப் பட்டப்பெயரும் பாடமும்தான் தெரியும். முழுப்பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். சமையல்காரர், செவிலியர், இரவுக் காவலர் பெயர்களையும் அதே பட்டியலில் சேருங்கள். விடுதியில் பிள்ளைகளை வளர்த்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. பெரும்பாலான மலர்களில் அவர்கள் பெயர்கூட இருப்பதில்லை.

---

ஒலிப்பெட்டி எழுதியது:

ஆசிரியர்களிடம் பேசிப் பதிவு செய்வது பற்றி மட்டும் சொல்கிறேன். வயது கூடியவரிடம் முதலில் போங்கள். நூல் வேலை காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

தனிக் கருவி எதுவும் வேண்டாம், கைப்பேசி போதும். ஆனால் மேசை மீது வெறுமனே வைத்தால் கோப்பை வைக்கிற சத்தம், விரல் தட்டுகிற சத்தம் எல்லாம் இடிபோல் ஏறும். நான்காக மடித்த துண்டின் மேல் வையுங்கள். பேசுபவரின் வாயிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள், மைக் துளை அவரைப் பார்த்து இருக்கட்டும். விமானப் பயன்முறை போட்டாக வேண்டும். நடுவில் ஓர் அழைப்பு வந்தால் பல செயலிகளில் பதிவு நின்றுபோகும், நின்றது தெரியவும் தெரியாது. மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது அவருக்கு வியர்க்காத வேளையாகப் பார்த்துப் போங்கள். விசிறி இரைச்சலைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம்; ஆனால் சொற்களின் ஓரங்களும் கூடவே தேய்ந்துவிடும். முப்பது நொடி பதிந்து, இயர்போனில் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

வேவ் எனும் சுருக்காத ஒலிக்கோப்பு வடிவில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 520 எம்பி ஆகும். கைப்பேசியில் இரண்டு ஜிபி காலி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அன்றைக்கே மூன்று பிரதி: கைப்பேசியில் ஒன்று, வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் நண்பரிடமோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. கோப்பின் பெயரில் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதியும் ஆசிரியர் பெயரும் இருக்கட்டும். "புதிய பதிவு 17" என்று விட்டால் அடுத்த வருடம் எது யாருடையது என்று தெரியாது.

பதிவின் தொடக்கத்திலேயே தேதி, இடம், இருவர் பெயர், "இதைப் பதிவு செய்து நூலில் பயன்படுத்தச் சம்மதமா?" என்ற கேள்வி, அவருடைய பதில் எல்லாம் குரலிலேயே வரட்டும். அச்சுக்குப் போகும் முன் அவருடைய பகுதியை அவரிடம் படித்துக்காட்டி மறுபடி கேளுங்கள். பேச்சில் சொன்னதை எழுத்தில் பார்த்தால் சிலர் எடுத்துவிடச் சொல்வார்கள். எடுத்துவிட வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். போவது இரண்டு பேர் போதும், ஒருவர் கேட்க, ஒருவர் கருவியைப் பார்க்க. பத்துப் பேர் திரண்டு போனால் அது பார்க்கப் போன கணக்கில்தான் சேரும், பதிவு வராது. பழைய மாணவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, தங்கள் ஞாபகத்தை ஆசிரியரிடம் சொல்லி "ஆமாம்தானே சார்?" என்று முடிப்பது. அவரும் மரியாதைக்கு ஆமாம் என்பார். அவர் பக்கத்தைக் கேளுங்கள்: இந்த வேலைக்கு எப்படி வந்தார், முதல் வாரம் விடுதியில் எப்படி இருந்தது, வீட்டு நினைப்பில் அழும் பிள்ளையை என்ன செய்வார், எந்தப் பாடம் நடத்தக் கஷ்டம், எந்த முடிவை இன்று வேறு மாதிரி எடுப்பார். பதில் நின்றுவிட்டதுபோல் தோன்றினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முக்கியமான வாக்கியம் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் பெரும்பாலும் வரும்.

ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். தானியங்கி எழுத்துமாற்றிகள் முதல் வரைவுக்கு உதவும். பெயர்களையும் பேச்சுவழக்கையும் கெடுத்துவிடும். காதால் கேட்டுத் திருத்தாமல் எதையும் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

---

மெய்ப்பு மேசை எழுதியது:

படங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சில் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சல். ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). 6×4 அங்குலப் படம் அப்போது 3600×2400 புள்ளிகளாக வரும். அச்சுக்கு 300 டிபிஐ போதும் என்பதால் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம். முழுப்பள்ளிக் குழுப்படங்களில் முகங்கள் கடுகளவு இருக்கும், அவற்றையும் 600க்குக் கீழே குறைக்காதீர்கள். பசைப்பக்க ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக் கூடாது. மெழுகு பூசாத பல்நூலை படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு மெல்ல அறுத்துக்கொண்டே போனால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் ஆல்பத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

"நிற்பவர்கள் இடமிருந்து வலம்" என்ற அடிக்குறிப்பு ஐந்து வரிசைப் படத்தில் உதவாது. படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துத் தலைகளின் கோட்டுருவத்தை வரைந்து, எண் போட்டு, எண்ணுக்கு எதிரே பெயர் எழுதுங்கள். தெரியாத எண்ணை வெற்றிடமாக விடுங்கள், ஊகத்தில் நிரப்பாதீர்கள். அசல் படத்தின் பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சில் மட்டும். பந்துமுனைப் பேனா அழுத்தினால் முன்பக்கம் புடைக்கும்.

எழுத்து. எல்லோரும் யூனிகோடில் தட்டச்சு செய்யட்டும். அச்சகம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்திருந்தால் அது யூனிகோடை ஏற்காது. பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் போடுவார்கள், அந்த மாற்றத்தில் கொ, கோ, கௌ, ஸ்ரீ உடையும். அதற்குப் பிந்தைய இன்டிசைன் மென்பொருள் என்றால் பத்தி அமைப்பில் "வேர்ல்ட்-ரெடி" கம்போசரை (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் அமைப்பு) தேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மெய்ப்பை (அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் பிரதியை) திரையில் மட்டும் பார்க்காதீர்கள், தாளில் எடுத்துப் பாருங்கள். பெயர்களுக்கென்றே தனியாக ஒரு சுற்று மெய்ப்பு வேண்டும். ஆசிரியர் பெயரின் தலைப்பெழுத்து தவறினால் அந்த நூலை அவருக்கு எப்படிக் கொடுப்பீர்கள்?

எண்பது வயதுக் கண்கள் படிக்க வேண்டிய நூல் என்பதால் 14 புள்ளி எழுத்து வையுங்கள். ஏ5 பக்கத்தில் 11 புள்ளியில் சுமார் 200 சொல் அடங்கும், 14 புள்ளியில் 125ஐ ஒட்டித்தான். ஆளுக்கு 300 சொல் என்றால் நாற்பது பேருக்கு 12,000. அது 96 பக்கம். முகப்பு, பட்டியல், படங்களுக்கு இன்னும் 16. ஆக 112 பக்கம், பதினாறு பக்க ஃபாரமாக (ஒரே பெருந்தாளில் சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதி) ஏழு. கணக்கு இப்படி ஃபாரத்தில் முடிந்தால் வெற்றுத்தாள் வீணாகாது. இந்தப் பருமனுக்குச் சென்டர் பின் (நடுமடிப்பில் பின் அடிப்பது) சரிவராது, நடுப்பக்கங்கள் வெளியே பிதுங்கும். முதுகு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் போடுங்கள், உள்ளோர இடைவெளி 20 மில்லிமீட்டர் விடுங்கள். படப்பக்கங்களுக்கு 100 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை) குறைந்த தாள் வேண்டாம், பின்பக்க எழுத்து முகங்களின் மேல் தெரியும்.

---

படிப்பறை விளக்கு எழுதியது:

வாசிப்புப் பகிர்வு ஏன் நின்றுபோகிறது என்றால், எல்லோரும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்பதால்தான். முறை போடுங்கள். வாரம் ஒருவர், கிழமையும் நேரமும் மாறாமல். நாற்பது பேருக்கு மாதம் நான்கு வீதம் பத்து மாதம். மீதி இரண்டு மாதம் எல்லோரும் சேர்ந்து ஒரே நூல், அதுவும் 150 பக்கத்துக்கு மேற்படாததாக.

முறை வந்தவர் தருவது: நூல், அதை எழுதியவர், பதிப்பகம், பதிப்பாண்டு, இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறார். பதிப்பாண்டு கட்டாயம், ஏனென்றால் பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். "47ஆம் பக்கம் பாருங்கள்" என்றால் பாதிப் பேருக்கு அது வேறு அத்தியாயமாக இருக்கும். பக்க எண்ணோடு அத்தியாய எண்ணும் சொன்னால் சிக்கல் தீர்ந்தது. பிறகு அந்த நூலிலிருந்து ஒரு பத்தியை அவரே வாசித்து மூன்று நிமிடத்துக்குள் குரல்பதிவாக அனுப்பட்டும். கதைச்சுருக்கம் வேண்டாம். சுருக்கம் கேட்டவர் நூலைத் தேடுவதில்லை. ஒரு நல்ல பத்தியைக் காதால் கேட்டவர் தேடுகிறார். முடித்த நூலைவிடப் பாதியில் இருக்கும் நூலே பேசுவதற்கு நல்லது, அடுத்து என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. பிடிக்காமல் கைவிட்ட நூலையும் சொல்லலாம், எந்த இடத்தில் விட்டார், ஏன் என்பதோடு. மூன்று பேராவது அந்த வாரம் பதில் எழுதுவது என்று முன்கூட்டியே பெயர் குறித்துவிடுங்கள். ஒரு பதிலும் வராத ஒரே வாரம் அடுத்தவரைத் தயங்க வைக்கும்.

உங்கள் இரண்டு பேச்சும் ஒன்றாகச் சேருமிடம் இருக்கிறது. ஏட்டுக்கட்டு சொன்ன கேள்விகளோடு இதையும் சேருங்கள்: எந்த ஆசிரியர் எந்தப் பாடத்தை வாய்விட்டு வாசித்தார்? எந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொன்னார்? அந்தப் பட்டியலிலிருந்து முதல் பொது நூலைத் தேர்ந்தெடுங்கள். பள்ளித் துணைப்பாடங்களில் பெரும்பாலும் சுருக்கிய வடிவமே இருக்கும். முழுநூலை இப்போது படித்தால், அன்று வெட்டப்பட்ட பகுதிகளும் ஆசிரியர் எங்கே நிறுத்தி வாசித்தார் என்பதும் சேர்ந்தே புரியும். பழைய இலக்கியங்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது, மின்னூலாகவே கிடைக்கும். ஸ்கேன் பிடிஎஃப் திரையில் எழுத்துப் பெரிதாகாது, பக்கம்தான் பெரிதாகும். கண் மங்கியவர்களுக்கு எழுத்தளவைக் கூட்டக்கூடிய இபப் என்ற மின்னூல் வடிவம் தேடிக் கொடுங்கள். பதிப்புரிமை முடியாத நூலை ஸ்கேன் செய்து குழுவில் போடாதீர்கள். இந்தியாவில் பதிப்புரிமை எழுத்தாளர் மறைந்த பிறகு 60 ஆண்டு வரை நீடிக்கிறது, பல நாடுகளில் 70.

---

பழைய விடுதிக்காரி எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். சிலருடைய நினைவு அடி, அவமானம் பற்றியது. அதை நூலில் என்ன செய்வது? ஓர் ஆசிரியைக்கு இப்போது ஞாபகமறதி நோய். அவரிடம் போகலாமா?

---

ஏட்டுக்கட்டு எழுதியது:

அடியை மறைத்து எழுதினால் அது நினைவு நூலாகாது. எழுதியவர் விரும்பினால் வரட்டும்: நடந்தது, அன்று எப்படி இருந்தது, அவ்வளவு. ஆசிரியரின் மனதுக்குள் புகுந்து "வேண்டுமென்றே செய்தார்" என்று எழுதுவதை நீக்குங்கள், அது யாரும் பார்க்காதது. உடலையோ சாதியையோ கேலி செய்யும் பட்டப்பெயர் ஆசிரியருக்கும் வேண்டாம், மாணவருக்கும் வேண்டாம். ஒருவரின் தண்டனையைப் பற்றி இன்னொருவர் எழுதுவதானால் தண்டிக்கப்பட்டவரின் சம்மதம் வேண்டும். பாலியல் கொடுமை போன்றவை வந்தால் தொகுப்பாளர் அதைத் திருத்தவோ குழுவில் போடவோ கூடாது. சொன்னவரிடமே தனியாகப் பேசி, சட்ட உதவிக்கும் மனநல உதவிக்கும் வழி காட்ட வேண்டும். என்ன செய்வது என்பது அவருடைய முடிவு.

---

ஒலிப்பெட்டி எழுதியது:

தாராளமாகப் போகலாம். முதலில் வீட்டாரிடம் கேட்டு, அவர் தெளிவாக இருக்கும் வேளையைத் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்கு அது முற்பகல். ஒருவரோ இருவரோ போதும், இருபது நிமிடம். "என்னைத் தெரிகிறதா டீச்சர்?" என்று கேட்கவே வேண்டாம், அது அவருக்குத் தேர்வு வைப்பது போலாகிவிடும். நீங்களே பெயரும் வகுப்பும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கையில் பழைய குழுப்படம் ஒன்றைக் கொடுங்கள், பெரிதாக அச்சிட்டது. அவர் நடத்திய செய்யுள் ஒன்றை நீங்கள் தொடங்கினால் அவர் தொடரக்கூடும்; புதிய நினைவுகள் போனபிறகும் மனப்பாடமானவை நெடுநாள் தங்குவதுண்டு. ஆண்டையோ பெயரையோ தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள். பதிவுக்கான சம்மதத்தை வீட்டாரிடமும் வாங்குங்கள். அவர் முகத்தில் சோர்வோ கலக்கமோ தெரிந்தால் கருவியை உடனே அணைத்துவிடுங்கள். அந்தப் பதிவிலிருந்து செய்தியாக எதையும் நூலில் எடுக்க வேண்டாம். செய்யுளை அவர் சொன்ன குரல் மட்டும் உங்களிடம் இருக்கட்டும், ஒரு பிரதியை அவர் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.